முதல் மலையேற்றமே சதுரகிரியா?

திருநகர்வாசி:
வரும் ஆடி அமாவாசைக்கு நாங்கள் நால்வர், மலைமேல் சிவன் கோயில் உள்ள சதுரகிரி ஏற எண்ணியிருக்கிறோம். அனைவரும் முப்பதைத் தாண்டியவர்கள், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், மலையேறிப் பழக்கமில்லாதவர்கள். இலட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் பாதைக்கு, நோயில்லாத உடம்பு இருந்தால் போதும், முன்பயிற்சி வேண்டியதில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

பேரையூரான்:
சதுரகிரிக்குப் போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன்; ஆடி அமாவாசையன்று போகாதீர்கள் என்பேன். அடிவாரமான தாணிப்பாறையிலிருந்து வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பு என்று செல்லும் வழியின் பெரும்பகுதி கரடுமுரடான பாறைகள். கூட்ட நாளில் அங்கே உங்கள் நடை வேகத்தைப் பின்னால் வருபவர்தான் தீர்மானிப்பார். மூச்சு வாங்கும்போது ஒதுங்கி நிற்க இடமில்லாமல் போவதே புதியவருக்கு முதல் ஆபத்து. அந்த மலையில் மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் பக்தர்கள் இறந்த செய்திகளை நாம் படித்தே வருகிறோம்.

மேலூர் மகள்:
பேரையூர் அண்ணன் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் அப்பத்தா காலத்துப் பெண்கள் கட்டுச்சோற்றைச் சுமந்துகொண்டு, செருப்பில்லாமல் ஏறி, இரவு மலைமேல் தங்கி, மறுநாள் இறங்கினார்கள்; யாரும் பயிற்சி எடுக்கவில்லை. பழகாதவர் ஏறக்கூடாது என்றால் பழக்கம் எங்கிருந்து வரும்? மேலும், திருவிழா நாளில்தான் மருத்துவக் குழுவும் காவலரும் வனத்துறையினரும் பணியில் இருக்கிறார்கள். ஆளரவமற்ற நாளில் கால் பிசகினால் யாரைக் கூப்பிடுவது?

பேரையூரான்:
கடைசிக் கேள்வி நியாயமானது, தங்கச்சி. ஆனால் பாதி வழியில் விழுந்தவரை ஆட்கள் தோளில் சுமக்கும் டோலியில்தான் இறக்க வேண்டும். அந்த டோலியும் அதே நெரிசலுக்குள்தான் வந்தாக வேண்டும்.

உங்கள் அப்பத்தா வெயிலில் நாற்று நட்டவர், விறகு சுமந்தவர்; அந்த வாழ்க்கையே அவருக்குப் பயிற்சி. அதோடு, அவர்கள் இரவு தங்கினார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். இன்று மலைமேல் இரவு தங்க அனுமதியில்லை என்பதால், ஏறிக் களைத்த காலோடு அன்றே இறங்க வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் மூச்சுதான் சோதிக்கப்படும். இறக்கத்திலோ தொடைத் தசைகள் நீண்டபடியே உடல் எடை முழுவதையும் தாங்குவதால், பழகாதவருக்கு முழங்கால் நடுங்கத் தொடங்கி, கண் பார்த்த கல்லில் கால் பதியாமல் போகிறது. நோயில்லாத உடம்புக்கும் இது நேரும். எனவே தம்பி, உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலையில் சில வாரங்கள் ஏறிப் பழகுங்கள், ஏறுவதைவிட நிதானமாக இறங்குவதைப் பழகுங்கள்.

இன்னொன்று தண்ணீர். மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. ஓடை மட்டும் திடீரென்று பெருகும். 2015 மே மாதம் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். ஆகவே வனத்துறை தடை விதித்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

திருநகர்வாசி:
இறக்கத்தைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை, ஐயா. நெரிசல்தான் தடை என்றால், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு கூட்டமில்லாத வேறு பாதையில் ஏறலாமா?

வடகரைவாசி:
இதைக் கேட்டபின் பேசாமல் இருக்க முடியவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுடனும் வழிகாட்டிகள் இருந்தார்கள். சதுரகிரிக் காடு 2021 முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அனுமதியற்ற பாதையில் நுழைவது குற்றம், அங்கே அடிபட்டால் தேடி வருவோருக்கும் ஆபத்து. கோயிலுக்காக அன்றி நடைக்காகவே மலை வேண்டுமென்றால், 2024 இல் அரசு தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் எளிதென்று வகைப்படுத்திய ஒன்றில் தொடங்குங்கள்.

மேலூர் மகள்:
வேறு பாதை கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அமாவாசையை விடச் சொல்வதை இப்போதும் ஏற்கமாட்டேன். ஆடியை விட்டு ஆவணி அமாவாசைக்கு ஏறட்டும். கூட்டமும் குறைவு, சமணர் மலையில் பழக ஒரு மாதமும் கிடைக்கும். அண்ணனுக்கு இதில் என்ன மறுப்பு?

பேரையூரான்:
மழையில்லை என்றால் மறுப்பில்லை. காலையில் அனுமதி தொடங்கியவுடன் ஏறச் சொல்லுங்கள். நால்வரில் ஒருவருக்குத் தலை சுற்றினாலும் நால்வருமே இறங்கிவிட வேண்டும்.