இரும்புத் தாழ்ப்பாளுக்குப் பழஞ்செம்பு நிறம்: செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

திண்ணைவீடு:
காரைக்குடிப் பக்கம் எங்கள் வீடு. கதவெல்லாம் பழைய தேக்கு, புதிதாக வாங்கிய இரும்புத் தாழ்ப்பாள் அதோடு ஒட்டவே இல்லை என்று ஒருவரிடம் கொடுத்தோம். உப்புத்தாளால் தேய்த்து, மயில்துத்தம் என்கிற நீலநிறச் செம்பு உப்பைக் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்தார். எடுத்ததும் அசல் செம்பு! தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தச் சிவப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அப்புறம் துணியால் துடைத்தார், செம்பு முழுக்கத் துணியோடு வந்துவிட்டது, அடியில் கறுத்த இரும்பு. மறுபடி முக்கி, துடைக்காமல் மேலே வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். அடைமழை முடிவதற்குள் வார்னிஷுக்கு அடியிலேயே துரு கிளம்பிவிட்டது. யாருக்காவது அந்த நிறம் நின்றிருக்கிறதா?

முலாம்பட்டறை:
அந்த வழியில் நிற்காது. கரைசலில் இருக்கிற செம்பு இரும்பின் மேல் படிகிறது, பதிலுக்கு இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போகிறது, அவ்வளவுதான். பிடிப்பே இருக்காது. பட்டறையில் முதலில் சயனைடு தொட்டியில் மெல்லிய செம்புப் படலம் ஏற்றுவோம், அதற்குப் பிறகுதான் ஆசிட் செம்புத் தொட்டி. நான் கோவையில் வேலை பார்த்தபோது புதுப் பையன் ஒருவன் ஆசிட்டில் கிடந்த கொக்கிகளை அலசாமல் அப்படியே சயனைடு தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். மேஸ்திரி ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது, கொக்கிகள் தரையில் சிதறியது, அந்தச் சத்தம் எதுவும் மறக்கவில்லை. ஆசிட்டும் சயனைடும் சேர்ந்தால் கிளம்பும் வாயு ஆளைக் கொன்றுவிடும். வீட்டில் யாரும் முலாம் முயற்சி செய்யாதீர்கள்.

ஊஞ்சல்பலகை:
எங்கள் வீட்டு ஊஞ்சல் சங்கிலிக்கு வெண்கல நிறப் பெயிண்ட் அடித்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பாட்டி உட்கார்ந்து ஆடி எழுந்தார், வெள்ளைப் புடவைத் தோளில் பழுப்பாக ஒரு கோடு. வளையமும் வளையமும் உரசுகிற இடத்தில் எந்தப் பெயிண்ட் நிற்கும்? பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊஞ்சலில் உட்காரவே இல்லை. எனக்கு அதுதான் மனசைக் குடைகிறது.

நிலைப்படி:
முலாம்பட்டறை சொல்லும் ஆபத்து உண்மை. ஆனால் பட்டறையில் கொடுத்துவிட்டால் கவலையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இரும்புக்கு மேல் துத்தநாகம் இருந்தால், கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். செம்பு அதற்கு நேர் எதிர். ஊசிமுனை ஓட்டை போதும், ஈரம் பட்டதும் அந்த இடத்து இரும்பு வெறும் இரும்பைவிட வேகமாக அரிபட்டுப் போகும். சென்னையில் கடலோர வீடு ஒன்றில் செம்பு முலாம் போட்ட ஜன்னல் கொண்டி கையோடு பிய்ந்து வந்ததைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது, உள்ளே வெறும் துருப்பொடி. அதனால் கைப்பிடி, கீல், கிரில் எதுவானாலும் பெயிண்ட்தான் நல்லது. துருவைச் சுத்தமாக எடுத்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். காய்ந்ததும் பளபளப்பில்லாத கரும்பழுப்புப் பெயிண்ட் அடியுங்கள். அதற்கு மேல் செம்புப் பொடியைத் தெளிந்த வார்னிஷில் குழைத்து, பிரஷை முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடான இடங்களை மட்டும் தடவுங்கள். பெயிண்டர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பூசிவிடுகிறார்கள், பொம்மைக்கடைச் சாமான் மாதிரி ஆகிவிடுகிறது. பழைய சாமானில் கைபடும் இடம்தான் மினுங்கும், பள்ளத்தில் கறுப்பும் களிம்பும் தங்கியிருக்கும். கடைசியில் தெளிந்த லேக்கர் கட்டாயம், இல்லாவிட்டால் செம்புப் பொடி கறுத்துப்போகும். ஊஞ்சல் சங்கிலிக்கு மட்டும் இதுவும் வேண்டாம், பித்தளைச் சங்கிலியே வாங்கிவிடுங்கள்.

உலைக்களம்:
பெயிண்ட்தான் நல்லது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர்க் கொல்லர் ஒரு கொக்கியை உலையில் காய்ச்சி, மேலே படிந்த செதிலைச் சுரண்டிவிட்டு, சிவப்பு அடங்கிக் கறுத்த பிறகு, சூடு இருக்கும்போதே பித்தளைக் கம்பி பிரஷால் அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக்குள்ளிருந்து பொன்னிறம் எழும்பி வந்தது! பித்தளைதான் இரும்பில் ஏறுகிறது. சூடு ஆறுவதற்குள் தேன்மெழுகு தடவினார். அந்தக் கொக்கி எங்கள் சாமி அறையில் விளக்குத் தாங்கிக்கொண்டு இருக்கிறது, உரியவில்லை.

திண்ணைவீடு:
ஐயா, இது மழைபடும் வாசல் தாழ்ப்பாளுக்கு ஆகுமா?

உலைக்களம்:
ஆகாது தம்பி. மெழுகு போனால் துரு வரும், வீட்டுக்குள் மட்டும்தான். இன்னொன்று, துத்தநாகப் பூச்சுள்ள சாமானை உலையில் வைக்கவே கூடாது, அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிடுவீர்கள். வாசலுக்கு நிலைப்படி சொன்ன மாதிரியே செய்யுங்கள்.