புதுப்பிப்பு: எல்டிஹெச்-ஏ சாயம் வெளிறினால் நல்ல சேதியா?

இரைப்பைப் புற்றுத் திசுவில் எல்டிஹெச்-ஏ (லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-ஏ) நொதி கூடுதலாக இருந்தால் நோய்ப்போக்கு மோசமாகலாம் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். ஆரணி, குடியாத்தம் பக்கமிருந்து வேலூருக்கு வரும் மாதிரிகளில் இந்த நொதியைப் பழுப்பாகக் காட்டும் சாயம் வெளிறியிருக்கிறதே, அப்போ நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினைச் சந்தேகப்படுங்கள்.

நம்மூர் வெயிலில் இரைப்பை உட்சவ்வு சீக்கிரம் சிதையும். வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பெருவளைவு வழியே, கட்டியை விலக்கித் திறந்து, திசுவைப்போலப் பத்து மடங்கு 10% நடுநிலை ஃபார்மலினில் போடவேண்டும். முழு இரைப்பையையும் சின்ன டப்பாவில் திணித்தால் ஓரம் மட்டும் பதப்படும், உள்பக்கம் வெளிறும். அது நொதிக் குறைவே இல்லை.

சாயம் எவ்வளவு பிடித்தது என்பதை எண்ணாக்கும் ஹெச்-ஸ்கோர் கணக்கு சுலபம்தான்: மங்கலாகச் சாயமேறிய செல்கள் 30%, நடுத்தரம் 40%, அடர்த்தி 20% என்றால் அவற்றை முறையே 1, 2, 3 ஆல் பெருக்கி 30+80+60, அதாவது 300க்கு 170. தகராறு முத்திரை மோதிரச் செல்களில் (சளி நிறைந்து மோதிரம்போலத் தெரியும் புற்றுச் செல்கள்). சளி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட, சைட்டோபிளாசம் மெல்லிய கீற்றாகத்தான் மிஞ்சும். நுண்ணோக்கியின் 10 மடங்கு லென்சில் காலியாகத் தெரிவது 40 மடங்கில் பழுப்புக் கோடாக நிற்கும்.

எந்த ஸ்கோருக்கு மேல் 'கூடுதல்' என்று பிரிக்கும் வெட்டுப்புள்ளியை முன்கூட்டியே எழுதிவையுங்கள். உயிர்வாழ்வு வரைபடத்தைப் பார்த்தபின் தேர்ந்தெடுத்தால் எந்த நொதியும் முன்கணிப்புக் குறியாகிவிடும்! நோயின் நிலையையும் சேர்த்தே பகுப்பாய்வு செய்யவேண்டும்.

சிகிச்சை முடிவுக்கு இப்போதைக்கு ஹெர்2, எம்எஸ்ஐ, பிடி-எல்1 போன்ற புற்றுக் குறிகளின் பரிசோதனைகள்தான்.