மூன்றாம் வகுப்புக்குக் கதையை எந்தத் தமிழில் வாசித்துக் காட்டுவது?

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியொன்றில் பணிபுரிகிறேன். ஜூன் மாதத்திலிருந்து, மதிய உணவுக்குப் பின் 15 நிமிடம், கதைப் புத்தகமொன்றை எடுத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி வருகிறேன். எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஆனால் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. "வாசித்துப் பழக வேண்டியவர்கள் பிள்ளைகள், நீங்கள் ஏன் வாசிக்கிறீர்கள்?" என்று எங்கள் தலைமையாசிரியர் கேட்கிறார், அதற்கு என்னால் உரிய விடை சொல்ல முடியவில்லை. அடுத்தது, புத்தகத்தில் "அவன் விரைந்து சென்றான்" என்று இருந்தால், புரிய வேண்டுமே என்பதற்காக "வேகமா போனான்" என்று மாற்றி வாசித்துவிடுகிறேன். இது சரிதானா?

பதில் 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. தயவுசெய்து மாற்றாதீர்கள். நம் வீடுகளில் யாரும் "சென்றான்" என்று பேசுவதில்லை. பாடநூலோ முதல் பக்கத்திலிருந்தே அந்தத் தமிழில்தான் பேசுகிறது. காதால் ஒருமுறையும் கேட்டிராத மொழியை ஒரு குழந்தை கண்ணால் மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது பெரிய சுமை. எழுத்துத் தமிழைக் கேட்பதற்குத் தொலைக்காட்சிச் செய்தியை விட்டால் அப்பிள்ளைகளுக்கு உங்கள் குரல்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "காட்டைக் கடந்து, ஆற்றில் இறங்கி, மறுகரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பார்த்த நரி மெல்லப் பதுங்கியது" என்ற தொடரில், கடந்ததும் இறங்கியதும் யார் என்பது கடைசியில்தான் தெரியும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை "பதுங்கியது" என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் காட்டை மறந்துவிடும். நீங்கள் வாசிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறீர்கள், எங்கே குரலைத் தாழ்த்துகிறீர்கள் என்பதே அத்தொடரின் இலக்கணத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. உச்சரிப்பும் அப்படித்தான். "மகன்" என்பதைச் சரியாகச் சொல்லும் பிள்ளை, அதுவரை கேட்டறியாத "அகழி" என்ற சொல்லைப் பார்த்ததும், "கல்" என்பதில் வரும் ககரத்தை அங்கே கொண்டுவந்து போட்டு வாசிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வாசிக்கும் முன் கதை எதைப் பற்றியது என்று பேச்சுத் தமிழில் இரண்டு வரி சொல்லுங்கள். பிறகு அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்திப் பொருள் கேட்க வேண்டாம், அது கதையைக் கொன்றுவிடும்.

பதில் 2: கல்வியியல் முதுநிலை மாணவர்

உங்கள் தலைமையாசிரியருக்கு ஒரு பெருக்கல் கணக்கைச் சொல்லலாம். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வரும் விடை என்று கஃப், டன்மர் ஆகிய இரு வாசிப்பு ஆய்வாளர்களும் 1986இல் எழுதினர். கூட்டல் என்றால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டலாம்; பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான். நீங்கள் வாசித்துக் காட்டுவது இரண்டாவது திறனை வளர்க்கிறது.

நம்மைப் போலவே பேச்சுமொழியும் எழுத்துமொழியும் விலகி நிற்கும் அரபு மொழியில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் மழலையர் பள்ளியில் படித்த அரபுக் குழந்தைகளுக்கு எழுத்து அரபியிலேயே கதைகளை நாள்தோறும் வாசித்துக் காட்டியபோது, கேட்டுப் புரிந்துகொள்வதிலும் மொழியைக் கையாள்வதிலும் அவர்கள் முன்னேறியதாக ஃபைட்டல்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்டனர். அவர்கள் உங்கள் பிள்ளைகளைவிடச் சிறியவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

தலைமையாசிரியர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கதை கேட்பதால் மட்டும் எழுத்தறிவு வந்துவிடாது. 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தின்படி வகுப்பில் நடக்கும் எழுத்துப் பயிற்சியிலிருந்து இந்த 15 நிமிடத்தை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: சிங்கப்பூரில் வசிக்கும் தாய்

முதல் பதிலளித்த ஐயாவின் கருத்தோடு நான் பாதிதான் உடன்படுகிறேன். என் மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். வீட்டிலும் நண்பர்களோடும் ஆங்கிலம்தான் அதிகம். தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்து 2005இல் வந்த அறிக்கைக்குப் பிறகு இங்குள்ள பள்ளிகள் பேச்சுத் தமிழுக்கு முக்கியத்துவம் கொடுப்பதற்கும் இத்தகைய வீட்டுச் சூழலே காரணம். நான் எழுத்துத் தமிழில் வாசிக்கத் தொடங்கியபோது அவன் மூன்றாம் நாளே போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். இப்போது ஒரு கதையை முதல் இரவு பேச்சுத் தமிழில் சொல்கிறேன், மறுநாள் இரவு புத்தகத்தில் உள்ளபடி வாசிக்கிறேன். கதை தெரிந்துவிட்டதால் புதிய சொற்கள் அவனை மிரட்டுவதில்லை. சில இடங்களில் எனக்கு முன்பே தொடரை முடித்தும் விடுகிறான். வீட்டில் தமிழே பேசும் உங்கள் மாணவர்களுக்கு இவ்வளவு சுற்றுவழி தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரமாக எதையும் மாற்றாமல் வாசிக்கிறேன். முதல் நாள் கொஞ்சம் சலசலப்பு இருந்தது. நேற்று மதியம் சாப்பாட்டுத் தட்டோடு ஓடிய ஒருவனைப் பார்த்து, "டேய், விரைந்து செல்லாதே, கொட்டிடும்!" என்று கத்தினாள் ஒரு சிறுமி. தலைமையாசிரியர் அந்தப் பெருக்கல் கணக்கைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதைக்கு 10 நிமிடம் வாசித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.