‘கால நீட்டிப்பு’ போதாது: யாருடைய கெடு?

அனைவருக்கும் வணக்கம்.

அரசுக்கு எதிரான இழப்பீட்டு மனுக்களில் வரும் கெடு நீட்டிப்பைத் தமிழில் மொழிபெயர்க்கும்போது ‘கால நீட்டிப்பு’ என்றே எழுதலாம் என்று நம் அகராதிக் குழுவின் முந்தைய மடல்களில் சொல்லப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. யாருடைய காலம் நீள்கிறது என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

கலிஃபோர்னியாவையே பாருங்கள். மாநில அரசால் உடற்காயம் அடைந்தவர் இழப்பீடு கேட்டு நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் 6 மாதத்துக்குள் அரசிடம் மனு கொடுக்க வேண்டும். அரசு 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மனு நிராகரிக்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நிராகரிப்பு எழுத்தில் வந்தால் அதிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். எழுத்தில் எதுவும் வராவிட்டால், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு.

இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த 45 நாளை நீட்டிக்கலாம். எழுத்தில் நிராகரிப்பு வராவிட்டால், அப்படி நீட்டிய நாள்கள் அந்த 2 ஆண்டுக் கணக்கில் சேராது. ஆனால் நிராகரிப்பு எழுத்தில் வந்துவிட்டால் அதிலிருந்து 6 மாதம்தான்; ஒப்பந்தத்தால் அது நீளாது. ‘கால நீட்டிப்பு ஒப்பந்தம்’ என்று எழுதினால், மனு கொடுத்தவர் தனக்குத்தான் கூடுதல் நேரம் கிடைத்தது என்று நம்பிக் காத்திருப்பார். வழக்குரிமையே கைவிட்டுப் போகும். மொழிபெயர்ப்பால் ஒருவருக்கு அப்படி நேரக் கூடாது.

அதனால் மூன்று கெடுவுக்கும் மூன்று பெயர் வைப்போம்: மனுக் கெடு, பதில் கெடு, வழக்குக் கெடு. ஒப்பந்தத்தால் நீள்வது ‘பதில் கெடு நீட்டிப்பு’. பதில் கெடுவுக்குத் ‘தீர்வுக் கெடு’ என்ற பரிந்துரையும் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தீர்வு என்றதும் சமரசமோ பணமோ கிடைக்கும் என்ற எண்ணம் வரும். அரசு முழுதாக மறுத்தாலும் அதுவும் ஒரு பதில்தான்.

பதிலே வராமல் கெடு முடிவதற்கு ‘மௌன நிராகரிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அருமையான சொல். ‘நிராகரித்ததாகக் கருதப்படுதல்’ என்று நீட்டி முழக்குவதைவிட இது சட்டென்று புரிகிறது.

அப்புறம், மனுக் கெடு தவறியவர், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 1 ஆண்டுக்குள், தாமதமாக மனு கொடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அதையும் நீட்டிப்பில் சேர்க்க வேண்டாம். நம் நீதிமன்றங்களில் புழங்கும் ‘தாமத மன்னிப்பு’ அதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். வழக்கறிஞர் நண்பர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொன்னால் அகராதிப் பதிவில் சேர்த்துவிடலாம்.