புதுப்பிப்பு: வங்கி அதிகாரி தேர்வு, நேர்காணல் வரை

சென்ற ஆண்டு, பொதுத்துறை வங்கிகளுக்கு ஆளெடுக்கும் ஐபிபிஎஸ் அமைப்பின் அதிகாரி தேர்வில் முதல்நிலையில் தோற்றபின், பயிற்சி மையத்தில் சேர்வதா, வீட்டிலிருந்தே படிப்பதா என்று கேட்டு எழுதியிருந்தேன். வீட்டிலேயே படித்தேன், இம்முறை முதன்மைத் தேர்விலும் தேறி, போன வாரம் நேர்காணலை முடித்துவிட்டேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

முதல்நிலையில் 100 கேள்விகளுக்கு 60 நிமிடம் என்பதைவிட, மூன்று பகுதிகளுக்கும் தலா 20 நிமிடம் என்று பூட்டிவைத்திருப்பதே போன முறை என்னைக் கவிழ்த்தது. வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரை அமர்த்தும் ஒரே புதிரோடு ஒன்பது நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, பதற்றத்தில் ஊகித்துக் குறித்த தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் இழந்தேன். இம்முறை, இரண்டு நிமிடத்தில் மூன்று பேராவது இடத்தில் அமராவிட்டால் அந்தப் புதிரை விட்டுவிடப் பழகியதே பெரிய மாற்றம். தினமும் மாதிரித் தேர்வு எழுதச் சொன்ன நண்பர் மன்னிக்க வேண்டும். வாரம் இரண்டு எழுதி, மீதி நாட்களில் பிழைகளை நோட்டில் பிரித்தெழுதியதே எனக்கு உதவியது.

நேர்காணலில், அப்பா விவசாயி என்றதும் முன்னுரிமைத் துறைக் கடனைப் பற்றி, அதாவது வேளாண்மை, சிறுதொழில் போன்ற துறைகளுக்கு வங்கிகள் தங்கள் கடனில் கட்டாயம் ஒதுக்க வேண்டிய பங்கைப் பற்றி, கேட்டார்கள். மொத்த இலக்கு 40 விழுக்காடு, அதில் வேளாண்மைக்கு 18 என்று சரியாகச் சொன்னேன். சிறு, குறு விவசாயிகளுக்கு எவ்வளவு என்றபோது விழித்தேன். விடை 10 விழுக்காடு என்பதை வெளியே வந்தபின், பேருந்து நிறுத்தத்தில்தான் பார்த்தேன்.

முதல்நிலை மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது. முதன்மைத் தேர்வும் நேர்காணலும் 80:20 என்ற விகிதத்தில் கணக்கிடப்படும். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.