புது கார் என்று விற்றார்கள். பில் போடும் முன்பே 340 கிலோமீட்டர் ஓடி, பெயிண்ட் வேலையும் நடந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

தென்காசிப் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு முன்னால் ஒரு ஹேட்ச்பேக் வாங்கினேன். ஆன்ரோடு எட்டரை லட்சம் சொச்சம், அதில் ஆறு லட்சம் வங்கிக் கடன். டெலிவரி அன்று மீட்டரில் 52 கிலோமீட்டர் காட்டியது. யார்டிலிருந்து ஷோரூம் வரை ஓட்டி வந்தது என்றார்கள், அது இயல்புதான்.

முதல் சர்வீஸுக்கு ஊர்ப் பக்கம் இருக்கும் வேறொரு டீலரிடம் விட்டேன். அங்கே அட்வைசர் சிஸ்டத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டதும், "சார், இடது ஃபெண்டரும் முன் பம்பரும் ஏற்கெனவே பெயிண்ட் ஆகியிருக்கே, எங்கேயாவது இடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஃபெண்டர் என்பது முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு. திரையைத் திருப்பிக் காட்டினார். எனக்கு பில் போட்ட தேதிக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, விற்ற டீலரின் பெயரிலேயே ஒரு ஜாப் கார்டு, அதாவது பட்டறை வேலைச் சீட்டு. அதில் மீட்டர் 340.

விற்ற இடத்தில் கேட்டால், "என்ட்ரி போட்ட பையன் நம்பரை மாத்திப் போட்டுட்டான்" என்கிறார் மேனேஜர். அப்படிச் சொல்லிவிட்டு, இரண்டு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியும் சீட் கவரும் இலவசமாகத் தருகிறேன், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். ஆர்.சி.யில் நான்தான் முதல் உரிமையாளர். அப்பாவின் சேமிப்பு இதில் போயிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மதுரை வக்கீல்

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி அதில் இருந்தால், பிறகு நுகர்வோர் ஆணையத்தில் முதல் எதிர்வாதமே அதுதான். சீட் கவருக்கு ஆசைப்பட்டு வழக்கை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சண்டை போடுவதற்கு முன்னால் காகிதத்தைச் சேருங்கள். சர்வீஸ் ஹிஸ்டரியை, அந்தப் பழைய ஜாப் கார்டு உட்பட, அச்சில் தரச் சொல்லி வாகன நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியதாகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் அதிலேயே கேளுங்கள். டீலரிடம் இன்வாய்ஸ், ஃபார்ம் 21, ஃபார்ம் 22, கேட் பாஸ், டெலிவரிக்கு முந்தைய சோதனைத் தாள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். ஃபார்ம் 21 டீலர் தரும் விற்பனைச் சான்று, ஃபார்ம் 22 தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று. மேனேஜர் வாயால் சொன்ன "என்ட்ரி தப்பு" கதையை எழுத்தில் வாங்குங்கள். "நீங்கள் இன்று சொன்னபடி இது பதிவுப் பிழை என்றால், பெயிண்ட் வேலை உண்மையில் எந்த வண்டிக்கு நடந்தது என்று ஆவணத்தோடு தெரிவிக்கவும்" என்று ஒரு மின்னஞ்சல் போதும். உண்மையிலேயே பிழை என்றால் வேறொரு சேசிஸ் நம்பரும், அதற்கான பெயிண்ட் பில்லும் அவர்களிடம் இருக்க வேண்டும்.

ஃப்ளோர் இன்சார்ஜ் (ஓய்வு)

வக்கீல் ஐயா சொன்னதைச் செய்துகொண்டே வண்டியையும் பாருங்கள் தம்பி. நான் பாடி ஷாப்பில் பல வருடம் இருந்தவன்.

பானெட்டைத் திறங்கள். ஃபெண்டரின் மேல் விளிம்பில், அதை பாடியோடு பிடித்திருக்கும் போல்ட் வரிசை தெரியும். பெரும்பாலான கார்களில் ஃபேக்டரியில் ஃபெண்டரை மாட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள், அதனால் போல்ட் தலையிலும் வண்டியின் நிறமே சீராக மூடியிருக்கும். ஸ்பேனர் பட்ட போல்டில் அறுகோணத்தின் மூலைகளில் பெயிண்ட் உதிர்ந்து இரும்பு பளிச்சென்று தெரியும், வாஷருக்கு அடியில் பழைய வட்டத்தின் தடம் சற்று விலகி நிற்கும். வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் ஒரே வெளிச்சத்தில் அடுத்தடுத்து போட்டோ எடுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது, பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அப்புறம் பெயிண்ட் தடிமன் மீட்டர். ஃபேக்டரி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். மறுபடி அடித்த பேனல் 200-ஐத் தாண்டும், பட்டி வைத்திருந்தால் இன்னும் மேலே போகும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மீட்டர் அதில் வேலை செய்யாது, ஃபெண்டரையும் கதவையும் அளந்தால் போதும். ஹெட்லைட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் தேதி இருக்கும். இடதும் வலதும் மாதக்கணக்கில் வித்தியாசப்பட்டால் ஒன்று மாற்றியது. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்திருக்க வேண்டும்.

340 எப்படி 52 ஆனது என்பதுதான் பெரிய கேள்வி. மீட்டர் கன்சோலையே மாற்றியிருக்கலாம், எண்ணைக் குறைத்திருக்கலாம். பல மாடல்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு கண்ட்ரோல் யூனிட்டிலும் பதிவாகும். கம்பெனி ஸ்கேனர் போட்டால் தெரிய வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் விற்றவரிடம் செய்யாமல் வேறொரு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் பணம் கட்டிச் செய்து, கையெழுத்தும் முத்திரையும் உள்ள அறிக்கையாக வாங்குங்கள்.

கொங்கு டிரைவர்

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒரு ஃபெண்டரும் பம்பரும்தானே? இன்ஜினில் குறை இல்லை. கேஸ் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும், வண்டி மதிப்பு அதற்குள் பாதியாகிவிடும். ரொக்கமாக ஒரு லட்சமோ ஒன்றரையோ கேட்டு வாங்கிவிட்டு வேலையைப் பாருங்கள் என்பேன்.

மதுரை வக்கீல்

அது நியாயமான யோசனைதான், ஆனால் அதற்கும் முதலில் காகிதம் கையில் வேண்டும். ஆதாரம் இல்லாமல் போனால் சீட் கவர், ஆதாரத்தோடு போனால் ஒன்றரை லட்சம்.

இழுக்கும் என்று பயந்து சட்டத்தையே எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(47), பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதியது என்று காட்டி விற்பதை நேரடியாகவே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. வண்டி நன்றாக ஓடுகிறதா என்பது அங்கே இரண்டாவது கேள்வி. 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இது பழைய சட்டத்தில் இல்லாத வசதி. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஆணையமே நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

வாகன நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள், ஆனால் சும்மா பெயரை மட்டும் போட்டால் கழன்றுவிடுவார்கள். கோவாவில் ஒருவர் 2011 மாடலுக்குப் பணம் கட்டி, ஏற்கெனவே ஓடிய 2009 வண்டியைப் பெற்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டீலரின் பொய் தயாரிப்பாளருக்குத் தெரியும் என்று காட்டாதவரை தயாரிப்பாளர் பொறுப்பாக மாட்டார் என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதனால்தான் மின்னஞ்சலை இன்றே அனுப்பச் சொன்னேன். ஜாப் கார்டு அவர்கள் மென்பொருளில் இருந்தது, நீங்கள் தெரிவித்த பிறகும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது தேதியோடு பதிவாக வேண்டும்.

சேலத்துக்காரி

எனக்கு ஸ்கூட்டரில் இதே நடந்தது. டிரேட் சர்டிபிகேட் போர்டு மாட்டி டெஸ்ட் டிரைவுக்கு ஓட்டிய வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த சிவப்பு போர்டில் வண்டியைப் பதிவு செய்யாமலே காட்டி ஓட்டலாம், அதனால் ஆர்.சி.யில் முதல் உரிமையாளர் நாம்தான் என்றே வரும். அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

ஆணையத்தில் அவர்கள் வைத்த வாதம் என்ன தெரியுமா? இது டிஸ்பிளே வண்டி என்று தெரிந்துதான் தள்ளுபடியில் வாங்கினார், கையெழுத்து இருக்கிறது என்றார்கள். டெலிவரி அன்று பூ மாலை, கேக், போட்டோ என்ற சந்தடியில் ஒரு கட்டுத் தாளில் பென்சிலால் டிக் போட்ட இடமெல்லாம் நம்மிடம் கையெழுத்து வாங்குவார்களே, அதில் ஒன்று அது. புக்கிங் சமயத்தில் விற்பனைப் பெண் "புது ஸ்டாக் வருது அக்கா, உங்களுக்குத்தான் முதல்ல" என்று அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு என்னிடம் அழியாமல் இருந்தது, அதுவே காப்பாற்றியது. பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னார்கள். நீங்கள் டெலிவரி அன்று கையெழுத்துப் போட்ட எல்லாத் தாளின் நகலையும் கேளுங்கள். போனை மாற்றிவிடாதீர்கள், அரட்டையை நீக்கிவிடாதீர்கள்.

தென்காசிப் பக்கம்

அக்கா, டெலிவரி அன்று தங்கை எடுத்த வீடியோவில் மீட்டரில் 52 தெளிவாகத் தெரிகிறது! இன்னும் மூன்று சந்தேகம். இ.எம்.ஐ.-யை நிறுத்தலாமா? வண்டியை ஓட்டலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா?

மதுரை வக்கீல்

இ.எம்.ஐ.-யை நிறுத்தவே வேண்டாம். இது உங்களுக்கும் டீலருக்கும் உள்ள சண்டை, வங்கியோடு இல்லை. தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோர் கெடும், வண்டியையும் தூக்குவார்கள். கட்டிய வட்டியை இழப்பீட்டில் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

ஓட்டுவது தப்பில்லை. ஆனால் மாற்று வண்டியோ முழுப் பணமோ கேட்கப் போகிறீர்கள் என்றால் அவசியத்துக்கு மட்டும் ஓட்டுங்கள். இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முழுத் தொகை கேட்டால் தேய்மானத்தைக் கழிக்கத்தான் பார்ப்பார்கள். நோட்டீஸ் அனுப்பும் நாளில் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து அதையும் நோட்டீஸோடு இணையுங்கள்.

போலீஸ் புகாருக்குப் பிரிவு உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 318, பழைய 420-இன் இடத்தில் வந்தது. ஸ்டேஷனில் இதை சிவில் விவகாரம் என்று சொல்லி, புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பக்கூடும், அந்த ரசீதும் பயன்படும். மீட்டரில் கை வைத்தது ஸ்கேனரில் உறுதியானால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள், இல்லாவிட்டால் உங்கள் நேரம் அங்கேயே கரையும். டிரேட் சர்டிபிகேட்டைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அதை நிறுத்தி வைக்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ.-வுக்கு இருக்கிறது. அங்கே ஒரு மனு கொடுங்கள். டீலர்கள் கோர்ட்டைவிட இதற்குப் பயப்படுவார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், அவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் நிறுவனத்தின் தலைமைக்குப் புகார் நேராகப் போகும்.

தென்காசிப் பக்கம்

நடந்ததைச் சொல்கிறேன். ஃபெண்டர் போல்ட் இரண்டில் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது, வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது. தடிமன் இடது ஃபெண்டரில் 260, வலதில் 120. நிறுவனத்திடமிருந்து சர்வீஸ் ஹிஸ்டரி மின்னஞ்சலில் வந்துவிட்டது, ஜாப் கார்டும் அதில் இருக்கிறது, கூடவே மீட்டர் கன்சோல் மாற்றியதாக இன்னொரு வரி! பதிவுப் பிழை என்ற பேச்சையே இப்போது காணோம். வக்கீல் நோட்டீஸும் ஆர்.டி.ஓ. மனுவும் போன பிறகு, வேறு புது வண்டி தருகிறோம் என்று டீலரின் முதலாளியே பேசினார். வாங்கிக்கொள்ளலாமா?

மதுரை வக்கீல்

தாராளமாக. எழுத்தில் வந்த பிறகு மட்டும். புது வண்டியின் சேசிஸ் நம்பரையும் தயாரிப்பு மாதத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ரோட் டாக்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் அவர்கள் செலவு என்று இருக்க வேண்டும். வங்கியிடம் முன்கூட்டியே பேசி, கடன் புது வண்டிக்கு எப்படி மாறும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பழைய வண்டியைச் சாவியோடு விட்டுவிட்டு வராதீர்கள். ஃபார்ம் 29, 30 கொடுத்து ஆர்.சி. பெயர் மாறும் வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். நாளை அது யாரையாவது இடித்தால் இழப்பீட்டு வழக்கு உங்கள் வீட்டுக்கு வரும், 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உரிமை மாற்ற விண்ணப்பம் ஆர்.டி.ஓ.-வில் ஏறிய ரசீதைப் பார்த்த பிறகு ஒப்படையுங்கள்.

ஃப்ளோர் இன்சார்ஜ் (ஓய்வு)

புது வண்டியை யார்டிலேயே, பகல் வெளிச்சத்தில், பில் போடும் முன் பாருங்கள் தம்பி. இந்த முறை சேசிஸ் நம்பரை வேறு டீலரின் சிஸ்டத்திலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தென்காசிப் பக்கம்

சரி ஐயா, ஒப்பந்த வரைவில் இதையெல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டேன். பெயர் மாற்றச் செலவை மட்டும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள், முடியாது என்று பதில் எழுதியிருக்கிறேன். ஊர் டீலர் அட்வைசர் புது சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டார், ஹிஸ்டரி காலியாக இருக்கிறது. அவர்கள் கையெழுத்துப் போட்டதும் இங்கே எழுதுகிறேன். போடாவிட்டால் புகார் மனு தயாராகவே இருக்கிறது, தாக்கல் செய்துவிடுவேன்.