"குமாரனும் அறியார்": பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது?

கேள்வி

ஞாயிறு பள்ளியில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் மாற்கு 13. கடைசி நாள் எப்போது என்று பிதாவைத் தவிர யாருக்கும் தெரியாது என்று சொல்லும் 32ஆம் வசனத்தை ஒரு சிறுமி சத்தமாக வாசித்தாள். "குமாரனும் அறியார்" என்ற இடத்தில் நிறுத்தி, விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "இயேசு கடவுள்தானே அக்கா? கடவுளுக்குத் தெரியாதது இருக்குமா?"

"அவருக்குத் தெரியும், சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தார்" என்றேன். அவள் விடவில்லை. "சொல்ல மாட்டார் என்று போடவில்லையே, அறியார் என்றுதானே இருக்கிறது?" எனக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. "அவர் மேசியா, மேசியா என்றாலே கடவுள்தான்" என்று சொல்லி, ஜெபம் பண்ணி வகுப்பை முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மத்தேயு 24:36ஐப் புரட்டினால், என் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே குமாரன் என்ற சொல்லே இல்லை. இன்னும் குழப்பம். வரும் வாரமும் அவள் முன்னால்தான் உட்காருவாள். பூசி மெழுகாமல் என்ன சொல்வது?

பதில் 1

மத்தேயு விஷயம் எளிது. கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அங்கே "குமாரனும்" உண்டு, பலவற்றில் இல்லை. உங்கள் மொழிபெயர்ப்பு இல்லாத வகையைப் பின்பற்றியது. மாற்கில் அந்தச் சொல் உறுதியாக நிற்கிறது, அதனால் கேள்வியும் நிற்கிறது.

நீங்கள் சொன்ன பதில் பழைய சபைப் போதகர் அகுஸ்தீன் சொன்னதுதான். "அறியார்" என்றால் "அறிவிக்க மாட்டார்" என்று அவரும் விளக்கினார். ஆனாலும் எனக்கு அந்தச் சிறுமி வாசித்ததுதான் நேரான வாசிப்பாகப் படுகிறது.

பதில் 2

சில வருடம் இறையியல் படித்தவன், இந்த வசனத்தோடு நிறைய நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுங்கள்: மேசியா என்றாலே கடவுள் என்பது சரியில்லை. மேசியா என்ற எபிரெயச் சொல்லுக்கும் கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அர்த்தம் ஒன்றுதான், அபிஷேகம் பண்ணப்பட்டவர். சவுலும் தாவீதும் அப்படித்தான் அழைக்கப்பட்டார்கள். ஏசாயா 45:1இல் பாரசீக அரசன் கோரேசைக்கூட அப்படிச் சொல்லியிருக்கிறது. தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜா வருவார் என்பது யூதர்களின் எதிர்பார்ப்பு. இயேசு அந்த மேசியா என்பது ஒரு அறிக்கை. அவர் தேவகுமாரனாக, தேவனாகவே இருக்கிறார் என்பது அதற்கு மேலும் ஒரு படி. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பிள்ளைக்குக் குழம்பத்தான் செய்யும்.

அப்புறம் உங்கள் வசனம். அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கை செய்தது. சண்டை அதோடு ஓயவில்லை. ஆரியுஸ் தரப்பார் திரும்பத் திரும்ப எடுத்து வைத்த வசனங்களில் இதுவும் ஒன்று. அவர்களை எதிர்த்த அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ் கொடுத்த பதில், தேவ வார்த்தையாக, அதாவது தேவனாக, இயேசு அறிந்திருக்கிறார், மனிதனாக அறியாதிருக்கிறார் என்பது.

எனக்கு இதைத் திறந்துவிட்டது அடுத்து வந்த சண்டை. இயேசுவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித மனதின் இடத்தில் தேவ வார்த்தையே இருந்தது என்றார் அப்பொலினாரியுஸ். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கும்! ஆனால் அதே காலத்து ஆயர் நாசியான்சுஸ் கிரகோரியார் அதை ஏற்கவில்லை. மனித இயல்பில் எதை இயேசு தமதாக ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்றார். நம் மனம், அதன் அறியாமை, தயக்கம் எல்லாம் வெளியே நின்றுவிட்டால் மீட்கப்பட்டது என்ன? 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அந்தப் போதனையைத் தள்ளியது. 451இல் கல்செதோன் சங்கம், ஒரே நபரில் தெய்வம், மனிதம் என இரு இயல்புகள், கலப்பும் பிரிவும் இல்லாமல் என்று சொன்னது. (காப்டிக், ஆர்மீனிய சபைகள் அந்தச் சொல்லமைப்பை ஏற்கவில்லை, ஆனால் அவர்களுக்கும் அவர் முழுத் தெய்வம், முழு மனிதர்.)

பிள்ளைகளுக்குச் சங்கமெல்லாம் வேண்டாம். மாற்கு 5ஐ வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டம் நெருக்குகிறது, பெரும்பாடுள்ள, அதாவது நிற்காத இரத்தப்போக்குள்ள, பெண் பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் திரும்பி, தொட்டது யார் என்று கேட்டு, சுற்றிலும் பார்க்கிறார். நடிக்கிறார் என்று அங்கே எழுதவில்லை. தேடும் கண்கள்தான் இருக்கின்றன.

பதில் 3

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை ஏற்காதவன் நான். "பிதா என்னிலும் பெரியவர்" என்று யோவான் 14:28இல் அவரே சொல்கிறாரே. அறியார் என்றால் அறியார், அவர் மேசியா, தேவன் அனுப்பியவர். ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? அந்தப் பிள்ளைக்கு இப்படி நம்புகிறவர்களும் உண்டு என்றாவது சொல்லுங்கள்.

பதில் 2 எழுதியவர்

சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே யோவானில் "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்ற 1:1 இருக்கிறது, சீடன் தோமா "என் ஆண்டவரே, என் தேவனே" என்று சொன்னபோது இயேசு அவனைத் தடுக்கவில்லை. இரண்டு வகை வசனங்களையும் கைவிட மனமில்லாமல்தான் சபை இவ்வளவு சுற்றியது.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் முதலில், போன வாரம் நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டேன். பிறகு மாற்கு 5. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படியானால் அவருக்குப் பயம்கூட வந்திருக்குமா?" என்றாள். மாற்கு 14:33ஐ எடுத்துக் கொடுத்தேன். கெத்செமனேயில் அவர் திகிலடைந்தார் என்ற வரியை விரல் வைத்து, இந்த முறை மெதுவாக வாசித்தாள்.